ஓநாய்க்குக் கட்டுப் போட்டவள்

ஆசானிடம் கேட்கச் சீனியம்மாளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மூன்று நாளாக அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ராஜபாளையத்தில் அவள் மாவு மில் வைத்திருந்தாள். வயது நாற்பத்தேழு. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. கவலை மட்டும் நிற்காமல் ஓடியது. பெல்ட் அறுந்துவிடுமோ, மிளகாய் அரைத்த கல்லில் கோதுமையைக் கொட்டிவிட்டோமோ, மோட்டாரை அணைத்தோமா, அணைத்ததாக நினைத்துக்கொண்டோமா என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று அவளை அரைத்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கவலையெல்லாம் சற்று ஓய்கிற இடம் அவளுடைய கைபேசிக்குள் இருந்தது. வெண்கலக் கோட்டை என்று ஓர் இணைய விளையாட்டு. நாத்தனார் மகள் ஏற்றிக் கொடுத்தது. மில்லில் ஆள் இல்லாத நேரத்தில் சீனியம்மாள் அதற்குள் போய்விடுவாள். அங்கே அவள் பெயர் தாழை. வெள்ளை உடுத்திய மருத்துவக் குடியைச் சேர்ந்தவள். அடிபட்டு விழுகிறவர்களுக்கு மருந்து வைத்து எழுப்புவது அவள் வேலை.

முப்பது பேர் கொண்ட ஒரு குழுவில் அவள் இருந்தாள். குழுவின் ஆசான் நாகர்கோவில்காரர். பெயர் எட்வின். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அவளைவிடப் பதினாறு வயது இளையவர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. காதில் மாட்டிய ஒயரில் வருகிற குரல்தான் பழக்கம். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசானே என்பாள். ஐந்து சீடர்கள் சேர்ந்தவருக்கு அந்த ஆட்டமே ஆசான் என்ற பட்டத்தைக் கொடுத்து, தலைக்கு மேல் பொன்னெழுத்தில் எழுதி வைக்கும். எட்வினுக்கு ஐந்தாவது சீடராக வந்தவள் சீனியம்மாள்.

வெண்கலக் கோட்டைக்கு ஒரு புராணம் உண்டு. ஆட்டத்துக்குள் இருக்கிற நூலகத்தில் அதைப் புத்தகமாகப் படிக்கலாம். புத்தகத்துக்கும் ஆட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். அரசி பெருவெள்ளத்தில் மாண்டாள் என்று புத்தகம் சொல்லும். அவளோ கிழக்கு வாசல் சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருப்பாள். நெருப்புக் குதிரை நீர் பட்டால் அணைந்துவிடும் என்று புத்தகம் சொல்லும். ஆட்டத்தில் அது ஏரிக்குள் எருமை மாதிரி கிடக்கும்.

ரசிகர்கள் விடுவார்களா? வெங்காயம் விற்பவள் அரசியின் தங்கை என்றார் ஒருவர். தங்கையே கிடையாது, அரசியின் ஆவி என்றார் இன்னொருவர். ஆவி எப்படி எடை போடும் என்று கேட்டு மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். அது நாம் பார்க்கிற ஏரி அல்ல, வற்றிப்போன ஏரியின் நினைவு, அதனால்தான் குதிரை அணையவில்லை என்று பினாங்கிலிருந்து ஒருவர் நாற்பது பக்கம் எழுதினார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே சீனியம்மாள் நாற்பதையும் படித்தாள்.

அவளுடைய குடிக்கும் அப்படி ஒரு முரண் இருந்தது.

'வெள்ளை உடுத்தவர் எவ்வுயிர்மேலும் இரும்பு வையார்.' இது புத்தகத்தின் ஏழாம் ஏட்டில் இருந்த சத்தியம். ஆனால் முழு மருத்துவராக உயர வேண்டுமென்றால் ஆட்டம் ஒரு சோதனை வைக்கும். கடம்ப மரத்தடியில் காயம்பட்டு ஓர் ஓநாய் கிடக்கும். இடுப்பில் இருக்கிற கருக்கரிவாளை எடுத்து அதை வெட்ட வேண்டும். ஒரே வெட்டு. முடிந்தது சோதனை.

முதல் நாள் சீனியம்மாள் அங்கே போய் நின்றாள். ஏழாம் ஏட்டை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்திருந்தாள். ஓநாயின் விலாவில் ரத்தம் வடிந்தது. அவள் பையைத் திறந்து துணியை எடுத்துக் கட்டுப் போட்டாள்.

ஓநாய் எழுந்தது. அவளைக் கடித்தது. அவள் செத்தாள்.

அந்த உலகத்தில் செத்தவர்கள் விடியல் கோயிலில் எழுவார்கள். எழுந்தாள். மறுநாள் போனாள். ஓநாய் அதே காயத்தோடு அதே இடத்தில் கிடந்தது. திரும்பவும் கட்டுப் போட்டாள். திரும்பவும் கடித்தது.

இவளைப்போல இன்னும் பலர் இருந்தார்கள். விவாதப் பக்கத்தில் அவர்கள் ஒன்றுகூடினார்கள். வெட்டாமல் இருப்பதுதான் உண்மையான சோதனை, நூறு நாள் கட்டுப் போட்டால் ஓநாய் வாய் திறந்து பேசும் என்று முடிவு கட்டினார்கள். நூறு நாள் ஆனது. ஓநாய் வாய் திறந்தது, கடிப்பதற்கு. கணக்கு ஆயிரமாக இருக்கும் என்றார்கள். ஆயிரமும் ஆனது. பிறகு ஒவ்வொருவராக வெட்டிவிட்டு மேலே போனார்கள். பினாங்குக்காரரும் வெட்டினார். ஏன் வெட்டினேன் என்று பதினெட்டுப் பக்கம் எழுதினார்.

சீனியம்மாள் மட்டும் தினமும் போய்க் கடி வாங்கினாள்.

வெட்டியவர்களின் கண்ணுக்கு அதன்பிறகு அந்த ஓநாய் தெரியாது. ஆட்டத்தின் விதி அது. அதனால் கடம்ப மரத்தடியில் அவள் மண்டியிடும்போது, குழுவில் இருக்கிறவர்களுக்கு வெறும் புல்லுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி இருக்கும். ஒரு நிமிஷத்தில் காரணம் இல்லாமல் செத்து விழுவாள். குழுவில் இடும்பன் என்ற பெயரில் ஆடுகிற கோடாரிக்காரன் ஒருவன் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவன் தினமும் கேட்பான்.

"ஏனுங்க தாழக்கா, இன்னைக்கு மாப்பிள்ளை எங்கீங்க கடிச்சாரு?"

"உன் நாக்குல கடிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். போயி நில்லு."

ஒரு முறை அவள் ஆசானிடம் கேட்டிருந்தாள்.

"ஆசானே, புஸ்தகம் நெசமா, ஆட்டம் நெசமா?"

"இன்னைக்கு எங்க கடிச்சுதுக்கா?"

"இடது கையில."

"நேத்து?"

"கழுத்துல."

"நாளைக்குப் போவீங்களா?"

"போகாம?"

கேள்விக்கெல்லாம் கேள்வியே திரும்பி வந்தது. அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நீங்க வெட்டும்போது என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல்ல. டூட்டிக்கு நேரமாச்சு. சட்டுனு வெட்டிட்டு எறங்கிட்டேன்."

"இப்ப அங்க பாத்தா?"

"புல்லுதான் தெரியுதுக்கா."

*

புதன்கிழமை அந்த அறிவிப்பு வந்தது.

ஆட்டத்தை நடத்துகிற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் நேரலையில் பேசினார். தொப்பி போட்டிருந்தார். ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார். கீழே தமிழில் எழுத்து ஓடியது. மருத்துவர்களின் சத்தியம் பற்றிய கேள்வி வந்ததும் அவர் சிரித்துவிட்டார்.

அதில் மர்மம் ஒன்றும் இல்லை என்றார். அந்தப் பக்கத்தை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. பிறகு ஆட்டத்தை மாற்றினோம், பக்கத்தை எடுக்க மறந்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா முரண்களையும் சரிசெய்யப் போகிறோம். ஏழாம் ஏட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவோம். சோதனையை முடிக்காத மருத்துவர்கள் அதற்குள் முடித்துவிட வேண்டும். முடிக்காதவர்கள் புதுமுகமாக மாற்றப்படுவார்கள். அவர்களுடைய உடை, மருந்து, சீட உறவு எல்லாம் நீங்கும். அப்படி யாரும் இன்னும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்று சொல்லி இன்னொரு தடவை சிரித்தார்.

சீனியம்மாள் ஒயரைக் காதிலிருந்து பிடுங்கினாள். கோதுமை அரைக்க வந்திருந்த பெண் பயந்துபோனாள்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்ல. எவனோ சிரிச்சான்."

அன்று அவள் மூன்று பேருக்கு மாவை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இடும்பன் கேலி பேசவில்லை. அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

"அக்கா, ஒரே வெட்டுதானுங்க. அதுக்கு வலிக்காது. அது வெறும் படம்."

"படத்தப் பாத்து நீ எதுக்குப் போன வாரம் பாலத்துல இருந்து குதிச்சு ஓடுன?"

"அது ராட்சசனுங்க்கா."

"அதுவும் படந்தானய்யா."

அவன் பேச்சை மாற்றினான்.

"நீங்க புதுமுகமாப் போனா ஆசானுக்கு நாலு சீடருதான் மிஞ்சும். பட்டம் போயிருமுங்க. அவரு உங்ககிட்டச் சொல்ல மாட்டாரு. அதான் நான் சொல்றேன்."

தனக்குப் போனால் போகட்டும் என்று சீனியம்மாள் துணிந்திருந்தாள். இது அடுத்தவர் சொத்து. உடனே ஆசானைக் கூப்பிட்டாள்.

"பட்டம் போகும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல்லயே."

"இப்பக் கேக்கேன். வெட்டவா?"

"அரிவாள் உங்க இடுப்புலதான இருக்கு."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"ஒரு ஆள் படுத்திருக்காரு. படம் எடுக்கணும். எடுத்துட்டு வாறேன்."

அவர் திரும்ப வரவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தாள் அவள். வெட்டு என்று சொல்லியிருந்தால் ஆத்திரத்தோடு வெட்டியிருப்பாள். வெட்டாதே என்று சொல்லியிருந்தால் பழியை அவர் தலையில் போட்டிருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் அந்த மனிதர் எக்ஸ்ரே எடுக்கப் போய்விட்டார்.

*

சனிக்கிழமை பதினொன்றரைக்கு மில்லில் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். சீனியம்மாள் ஓடிக்கொண்டிருந்த மாவைத் தள்ளி முடித்து மோட்டாரை அணைத்தாள்.

"பன்னண்டேகாலுக்கு மேல வாங்க."

மல்லித் தூளுக்கு நின்ற அம்மாள் விளக்கைப் பார்த்தாள். "கரெண்டு இருக்கே."

"கரெண்டு இருக்கு. நான் இல்ல."

கதவை ஒருக்களித்துவிட்டு, தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து ஒயரைக் காதில் மாட்டினாள்.

கடம்ப மரத்தடியில் குழு மொத்தமும் கூடியிருந்தது. அவளுக்கு வழி விட்டார்கள். ஆசான் சற்றுத் தள்ளிப் பாறைமேல் நின்றார். தலைக்கு மேல் பொன்னெழுத்து மின்னியது.

ஓநாய் கிடந்தது. அவள் கண்ணுக்கு மட்டும்.

"நாலு நிமிசம் இருக்குங்க்கா," என்றான் இடும்பன்.

அவள் மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கருக்கரிவாளை உருவினாள். குழுவில் யாரோ கை தட்டினார்கள். திரையில் 'வெட்டு' என்ற பொத்தான் சிவப்பாக எரிந்தது. கட்டை விரலை அதற்கு மேலே கொண்டுபோனாள்.

"வெட்டுங்க்கா. சத்தியம் பண்ணச் சொன்னவனே இல்லைன்னு ஆயிப்போச்சு."

"சும்மா இருடா."

"நான் ஆசானுக்காகச் சொல்றேனுங்க."

"அவருக்கு வாய் இருக்கு. அவரு சொல்லட்டும்."

எல்லோரும் பாறையைப் பார்த்தார்கள். ஆசான் அசையவில்லை.

"ரெண்டு நிமிசமுங்க."

ஓநாயின் விலா ஏறி இறங்கியது. ரத்தம் புல்லில் சொட்டியது. எத்தனையோ தடவை பார்த்த காயம்தான். எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எங்கே முடிச்சுப் போட்டால் நிற்கும் என்று அவள் கைக்கே தெரியும். தொப்பிக்காரனின் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எடுக்க மறந்துட்டாங்களாம்ல," என்றாள். "நீ மறந்துட்டேன்னா நானும் மறக்கணுமா? ஒன் வீட்டு வேலைக்காரியா நானு?"

"யாரைத் திட்டுறீங்க்கா?"

அரிவாளை உறையில் போட்டாள். பையைத் திறந்தாள். துணியை எடுத்தாள்.

"ஐயோ அக்கா!"

மண்டியிட்டுக் கட்டுப் போட்டாள். அவசரப்படவில்லை. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, இன்னொரு சுற்று. தினமும் போடுவது மாதிரியேதான் போட்டாள்.

ஓநாய் எழுந்தது. உடம்பை ஒரு தடவை உதறியது. அவளை நேராகப் பார்த்தது. இத்தனைக்குப் பிறகும் அவள் மனதின் ஒரு மூலை, பேசிவிடுமோ என்று காத்திருந்தது.

ஓநாய் கழுத்தில் கடித்தது.

அவள் விழுந்தபோது மணி பன்னிரண்டு அடித்தது.

*

விடியல் கோயிலில் எழுந்து பார்த்தாள். வெள்ளை உடை இல்லை. சாக்குத் துணி மாதிரி ஒன்றை ஆட்டம் அவளுக்குச் சுற்றிவிட்டிருந்தது. மருந்துப் பை இல்லை. வரைபடம் இல்லை. தலைக்கு மேல் 'புதுமுகம்' என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது. ஓர் ஓரத்தில், சுள்ளி பொறுக்குவது எப்படி என்று ஆட்டம் அவளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியது.

குழு ஓடி வந்தது. இடும்பன் முதலில் வந்தான். கோடாரியைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக நின்றான்.

கடைசியாக எட்வின் வந்தார். அவர் தலைக்கு மேல் பொன்னெழுத்து இல்லை. வெறும் பெயர் மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் சீனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் குரலில் ஈரம் இல்லை. சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"ஆசானே, இப்பவாவது வாயைத் தொறந்து சொல்லுங்க. எழுதுனவன் ஓடிப்போயிட்டான். வச்சிருந்தவன் கிழிச்சிப் போட்டுட்டான். ஓநாய்க்கும் ஒண்ணும் தெரியல, இன்னைக்கும் கடிச்சுட்டுத்தான் போச்சு. அப்ப மூணு வருசமா நான் காப்பாத்துனது யாரு சத்தியம்?"

எட்வின் கோயில் முற்றத்தைக் கடந்து அவளை நோக்கி நடந்துவந்தார்.

அந்த முற்றத்தின் நடுவில் ஒரு கல் உண்டு. ஒருவரைக் குருவாக ஏற்கிறவர், குருவை அதன்மேல் நிற்க வைத்து, எதிரே முழங்காலிட வேண்டும். கல் ஒளிரும். உறவு கூடும். சீனியம்மாள் எழுந்த இடம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான்.

"கல்லுமேல ஏறுங்கக்கா."

"எதுக்கு?"

"ஏறுங்க."

ஏறினாள். எட்வின் அவள் எதிரே முழங்காலிட்டார்.

கல் ஒளிரவில்லை. எல்லோர் திரையிலும் சிவப்பு எழுத்து வந்தது. 'புதுமுகம் குருவாக இயலாது.'

எட்வின் எழுந்தார். மறுபடி முழங்காலிட்டார்.

'புதுமுகம் குருவாக இயலாது.'

மறுபடி எழுந்தார். மறுபடி முழங்காலிட்டார். கோயில் முற்றத்தில் இருந்த வேற்றுக் குழுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"ஆசானே, நெட்டு ஏதாவது சிக்கிருச்சுங்களா?" என்றான் இடும்பன் மெதுவாக.

எட்வின் காதில் வாங்கவில்லை. நான்காவது தடவை முழங்காலிட்டார். ஐந்தாவது தடவையும் சிவப்பு எழுத்து வந்தது. இந்த முறை அவர் எழவில்லை. எழுத்து அவர் முகத்துக்கு முன்னால் மினுங்கிக்கொண்டே நின்றது.

சீனியம்மாளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இத்தனை பேர் நடுவில் இந்த மனிதர் இப்படி அவமானப்படுகிறாரே என்று பதறினாள்.

"எந்திரிங்க ஆசானே. போதும். இந்த ஆட்டம் இதுக்கு ஒத்துக்கிடாது."

முழங்காலிட்டபடியே எட்வின் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நீங்களா அக்கா சொல்றீங்க?"